நோஞ்சான் இருபது

ஜூன் 4, செவ்வாய்

சகலைக்கு,

இது கடிதம்தான், பேச்சு இல்லை. கல்யாண வீட்டில் நூறு பேருக்கு முன்னால், இனி உங்களோடு போனில் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று நான் சொன்னது சொன்னதுதான். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அப்படி ஏதாவது சொன்னேனா என்று பெரியவளிடமும் கேட்டுவிட்டேன். இல்லையாம். உங்கள் பக்கத்துச் சாட்சியாகச் சின்னவளைக் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் இருவரும் அக்கா தங்கையைக் கட்டிய பாவத்துக்குச் சகலையாகி முறைத்துக்கொண்டு நிற்கிறோம். அவர்களோ தினமும் ஒரு மணி நேரம் போனில் சிரிக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். மேற்குக் குளத்தில் இறால் குஞ்சு விட்டு இன்றோடு இருபத்து நான்கு நாள். முந்தாநாள் வரை தீனித் தட்டைத் தூக்கினால் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். நேற்றுக் காலை பாதித் தீனி அப்படியே கிடந்தது. இன்றைக்கும் அப்படித்தான். கரையோரத்தில் ஒன்றிரண்டு மந்தமாக நிற்கின்றன. வெயிலாக இருக்கலாம், ஓடு கழற்றும் நேரமாகவும் இருக்கலாம். ஆனால் பிப்ரவரியிலும் இப்படித்தான் ஆரம்பித்தது.

பிப்ரவரியை உங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. நானே இறாலை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்து மெஷினில் போட்டுப் பார்த்து, நோய்க் கிருமி இல்லை என்று சீட்டுக் கொடுத்தீர்கள். அந்தச் சீட்டை நம்பி நான் மதகைத் திறந்தேன். ஐந்தாம் நாள் குளம் முழுக்கச் செத்து ஒதுங்கியது. அடுத்த வாரம், வாய்க்காலில் எனக்குக் கீழே இருக்கும் கண்டக்டரின் குளமும் போயிற்று. முப்பது வருஷம் பஸ்ஸில் நின்றுகொண்டே வேலை பார்த்த மனிதர், ஓய்வு பெற்ற பிறகு தோண்டிய ஒரே குளம் அது. அந்த ஆற்றாமையில்தான் கல்யாண வீட்டில் என் வாய் நீண்டது. உங்கள் மெஷின் மாவு அரைக்கத்தான் லாயக்கு என்று சொன்னதை இன்னும் நான் திரும்ப வாங்கவில்லை.

பிறகு ஏன் உங்களிடமே அனுப்புகிறேன் என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்துச் சொல்ல வேறு யாரும் இல்லை. அன்றைக்கு வாய்க்காலில் தண்ணீர் விட என் முறை. சீட்டு இல்லாமல் யாரும் மதகைத் திறக்கக் கூடாது என்பது இங்கே குளம் வைத்திருப்பவர்கள் நாங்களே போட்டுக்கொண்ட சட்டம். போன மாதம்தான் கண்டக்டர் மறுபடியும் துணிந்து குஞ்சு விட்டிருக்கிறார். இரண்டாம் தடவையும் என் தண்ணீரால் அவர் குளம் போனால் நான் அவர் முகத்தில் விழிக்க முடியாது. தண்ணீர் மாற்றாவிட்டால் என் இறால் தாங்காது.

பெட்டியில் இருபது வைத்திருக்கிறேன். வலை வீசி, ஒவ்வொன்றாகப் பார்த்து, லட்சணமானவையாகப் பொறுக்கியது. இந்தத் தடவை இறால் மேல் பழி போட முடியாது. யாரோ மூன்றாம் மனிதருடையது என்று நினைத்துக்கொண்டு நேர்மையாகப் பாருங்கள்.

உங்கள் சகலை

*

ஜூன் 6, வியாழன்

மதிப்புக்குரிய சகலை அவர்களுக்கு,

பெட்டி நேற்றுக் காலை பத்து மணிக்கு ஐஸ் கரையாமல் வந்து சேர்ந்தது. பஸ் டிரைவர் அதைத் தன் இருக்கைக்குப் பின்னால் வைத்து, துண்டு போட்டு மூடிக் கொண்டுவந்திருந்தார்.

மாவு மெஷினைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அப்படிச் சொன்ன பிறகு எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பதினோரு வருஷமாக நான் பார்க்கும் வேலை இது. மாமனார் வீட்டு மனிதர்கள் அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தது பயத்தால் அல்ல, நீங்கள் மூத்த சகலை என்பதால். இதைச் சொல்லிவிட்டேன், இனி இதைப் பற்றி எழுத மாட்டேன்.

இருபது இறாலையும் ஐந்து ஐந்தாக நான்கு குழாய்களில் பிரித்து, வயிற்றையும் ஈரலையும் அரைத்தேன். அரைக்கிறோம்தான், அதை மறுக்கவில்லை. இந்தக் கிருமி கடல் தண்ணீரில் எங்கும் இருப்பது. எல்லாம் கொல்லாது. விஷம் செய்கிற இரண்டு மரபணுக்களைச் சுமந்துகொண்டிருப்பவைதான் இறாலின் ஈரலைக் கரைக்கும். மெஷின் அந்த இரண்டை மட்டும் தேடும். ஒன்றே ஒன்று இருந்தாலும் அதைப் பிரதிக்கு மேல் பிரதியாகப் பெருக்கிவிடும். கடைசியில் விளக்கடியில் வைத்துப் பார்த்தால் கோடாகத் தெரியும். உங்கள் நான்கு குழாயிலும் கோடு இல்லை.

ஆனால் சீட்டை எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தீனி பாதி மிஞ்சும் குளம் என்று எழுதியிருக்கிறீர்கள். வந்திருக்கும் இருபதும் அளவெடுத்த மாதிரி ஒரே நீளம். குடல் நிறையத் தீனி. ஓடு பளபளக்கிறது. பிப்ரவரி நோட்டை எடுத்துப் பார்த்தேன். அங்கேயும் என் கையெழுத்தில் "எல்லாம் ஒரே அளவு, குடல் நிறைவு" என்று இருக்கிறது. பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறேன். அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை.

ஏன் கேட்கவில்லை என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். நீங்கள் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து காட்டினீர்கள். பக்கத்தில் அண்ணி. உங்கள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்துவிட்டு, "எப்படிப் பொறுக்கினீர்கள்" என்று விசாரிக்க எனக்கு நாக்கு எழவில்லை. டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன். பரிசோதனைக்கு இருபது போதும், நீங்கள் இரண்டு கிலோ கொண்டுவந்திருந்தீர்கள். மீதியைச் சின்னவள் வறுத்தாள். அத்தனை ருசி. அந்த ருசியிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நோய் கண்ட இறால் அடியில் கிடக்கும், கரையோரம் ஒதுங்கும். அதுதான் எனக்கு வேண்டும். ஓடு மெத்தென்றிருப்பது, குடல் காலியானது, ஈரல் வெளிறியது. பார்த்தால் தூக்கிப் போடத் தோன்றுவது எதுவோ அதையே அனுப்புங்கள். அதுவரை மதகைத் தொடாதீர்கள்.

தங்கள் சகலை

*

ஜூன் 7, வெள்ளி

சகலைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கசக்கி எறிந்தேன். பெரியவள் எடுத்து நீவி, சாப்பாட்டு மேஜைமேல் தண்ணீர்ச் செம்பின் அடியில் வைத்தாள். இன்று காலை குளத்துக்குக் கிளம்பும் முன் இன்னொரு தடவை படித்தேன். கோபம் பாதிதான் இருந்தது.

நீங்களே சொல்லுங்கள். மாமியார் வீட்டுப் பக்கம் போகிற ஒரு பொருளை நான் என்றைக்காவது தரம் பார்க்காமல் அனுப்பியிருக்கிறேனா? நோஞ்சானை அனுப்பினால், இவர் குளத்தில் விளைகிறது இவ்வளவுதானா என்று நீங்கள் உள்ளுக்குள் சிரிக்க மாட்டீர்களா? பிப்ரவரியில் முழங்கால் தண்ணீரில் ஒரு மணி நேரம் நின்று எட்டுத் தடவை வலை வீசினேன். சுருங்கியது, கறுத்தது எல்லாவற்றையும் திரும்பத் தண்ணீரிலேயே போட்டேன். முதலாவதாக வந்த அழகான இறால் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பெரியவளிடம் காட்டினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போகிறவன் வீட்டிலேயே ஆரோக்கியமான ஆளைக் கூட்டிக்கொண்டு போன கதை இது. அப்படி ஒருவன் செய்தால் நான் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன்.

இதோ நீங்கள் கேட்டவை. ஒரு வாரத் தாடியோடு கல்யாணத்துக்குப் போகிற மாதிரி கூச்சமாக இருக்கிறது. மேற்கு மூலையில் கரையோரமாகப் பத்து, தீனித் தட்டுக்கு அடியில் ஆறு, மீதி நான்கு குளத்தின் நடுவில். கையில் எடுத்தால் துள்ளக்கூட இல்லை. பெட்டியை மூடும்போது பெரியவள் எட்டிப் பார்த்தாள்.

"என் தங்கச்சி வீட்டுக்கா இதை அனுப்புறீங்க? என்னைப் பத்தி என்ன நினைப்பா அவ?"

இது தின்பதற்கு இல்லை என்றேன். அவளுக்கு அது எப்படித் தெரியும் என்கிறாள். நான் கை கழுவப் போன நேரத்தில் மேலாக ஐந்து நல்ல இறாலை வைத்துவிட்டாள். எடுத்துவிட்டேன். எண்ணிப் பாருங்கள், இருபதுதான் இருக்க வேண்டும்.

கண்டக்டர் வேலியோரம் வந்து, ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் விடுகிறேனா என்று கேட்டார். இந்த வாரம் வேண்டாம் என்று இருக்கிறேன் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. என் முகத்தை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். சில்லறை இல்லை என்று சொல்கிற பயணியைப் பார்ப்பது போல.

சீக்கிரம் சொல்லுங்கள்.

உங்கள் சகலை

*

ஜூன் 9, ஞாயிறு

மதிப்புக்குரிய சகலை அவர்களுக்கு,

நேற்றுச் சாயங்காலம் போனில் சொன்னதையே இப்போது எழுதி அனுப்புகிறேன். நான் பேசிய நான்கு நிமிஷமும் உங்கள் பக்கத்திலிருந்து மூச்சு மட்டும் கேட்டது. பேச மாட்டேன் என்றுதான் சொன்னீர்கள், கேட்க மாட்டேன் என்று சொல்லவில்லை, அதுவும் சரிதான். கடைசியில் அண்ணி போனை வாங்கி, "அவர் தலையாட்டுறார்" என்று சொன்னார்கள்.

மேற்கு மூலையிலிருந்து எடுத்த பத்தை இரண்டு குழாய்களில் போட்டேன். இரண்டிலும் இரண்டு கோடுகளும் அழுத்தமாக விழுந்தன. தட்டுக்கு அடியில் எடுத்தவற்றில் கோடு மங்கல். குளத்தின் நடுவில் எடுத்த நான்கில் ஒன்றும் இல்லை. அதாவது ஒரே குளத்தில், ஒரே காலையில், எங்கே கை வைத்தீர்களோ அதற்கேற்ற பதில். நம்பிக்கை வராமல் மறுபடி புதிதாக அரைத்து ஓட்டினேன். மாற்றமில்லை.

மேற்குக் குளம் போயிற்று, சகலை. இதை எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. தண்ணீரை ஒரு சொட்டும் வெளியே விடாதீர்கள். பிளீச்சிங் பவுடர் போட்டு உள்ளேயே கொன்று, மதகை அடைத்தபடி வைத்திருங்கள். வலை, தட்டு, செருப்பு எதுவும் அங்கிருந்து கிழக்குக் குளத்துக்குப் போகக் கூடாது. இன்று உங்கள் முறை. நீங்கள் திறக்கவில்லை என்று அண்ணி காலையில் சின்னவளிடம் சொன்னதைக் கேட்ட பிறகுதான் என்னால் உட்காரவே முடிந்தது.

சின்னவள் உங்களுக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னாள். அப்படியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்: "அத்தான்கிட்ட சொல்லுங்க, உங்க ரெண்டு பேருக்கும் எறாலுக்கும் தலையில இருக்கிறது ஒண்ணுதான்." இறாலுக்குத் தலையில்தான் மலம் என்று ஒருநாள் நான்தான் அவளுக்குச் சொல்லித் தொலைத்தேன்.

தங்கள் சகலை

*

ஜூன் 13, வியாழன்

சகலைக்கு,

எல்லாம் செய்து முடித்தாயிற்று. பவுடர் போட்ட மறுநாள் காலை குளம் வெள்ளையாகக் கிடந்தது. தண்ணீரில் காற்றடிக்கும் ஏரேட்டரை நிறுத்திய பிறகு அங்கே சத்தமே இல்லை. செருப்பைக்கூட அந்தக் கரையிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்தேன். பெரியவள் வாசலில் ஒரு வாளித் தண்ணீரோடு நின்றாள். காலில் ஊற்றினாள்.

குளம் போனதில் வருத்தம் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அது இப்போது இரண்டாவதாகத்தான் இருக்கிறது. முதலாவது வேறு.

நான்கு மாதமாக நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும். டீக்கடையில், தீனி மூட்டை வாங்கும் இடத்தில், கல்யாண வீட்டில், எங்கு போனாலும் அதே பாட்டு. என் சகலை தவறாகச் சீட்டுக் கொடுத்தார், அதை நம்பித் திறந்தேன், கண்டக்டரின் குளம் போயிற்று. கண்டக்டரும் என்னைச் சமாதானப்படுத்தினார், சகலை. "நீங்க என்ன செய்வீங்க, சீட்டைப் பார்த்துத்தான திறந்தீங்க" என்று என் தோளில் கை வைத்தார். குளம் போனது அவருக்கு, ஆறுதல் எனக்கு. நானும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது நடுவில் எடுத்த நான்கில் கோடு இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததிலிருந்து எனக்கு அந்த எட்டு வலைதான் கண்ணில் நிற்கிறது. நோயாளிகளை என் கையாலேயே பொறுக்கித் திரும்பத் தண்ணீரில் போட்டேன். பிறகு அந்தத் தண்ணீரை அவருக்கு அனுப்பினேன். நீங்கள் மட்டும் தவறு செய்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

அவரிடம் சொல்ல வேண்டும். மூன்று தடவை வேலி வரை போய்விட்டுத் திரும்பினேன். ஒரு தடவை, வெயில் அதிகம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்தத் தடவை மதகைத் திறக்கவில்லையே, அவர் குளம் தப்பித்ததே, பழையதை ஏன் கிளற வேண்டும் என்றும் மனசு சொல்கிறது. அந்த மனசு என்னுடையது என்பதால் நான் அதை நம்பவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மாவு மெஷின் விஷயத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நூறு பேருக்கு முன்னால் சொன்னதை ஒரு கடிதத்தில் திரும்ப வாங்குவது நியாயமில்லைதான். அடுத்த கல்யாணத்துக்கு வாருங்கள், அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் சகலை

*

ஜூன் 16, ஞாயிறு

அன்புள்ள சகலைக்கு,

சொல்லிவிடுங்கள். அதைத் தவிர வேறு எதையும் யோசித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஆனால் முழுப் பாரத்தையும் நீங்களே தூக்கிக்கொண்டு போக வேண்டாம். கண்டக்டருக்கு நான் தனியாக ஒரு தாள் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பிப்ரவரியில் அந்த இறாலைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது, நோட்டில் கேள்விக்குறி போட்டேன், உறவு முறையைப் பார்த்துக் கேட்காமல் விட்டேன், கேட்டிருந்தால் அவர் குளம் இருந்திருக்கும் என்று எழுதியிருக்கிறேன். பெயரும் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அவர் அதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

வெள்ளிக்கிழமை எங்கள் மேலாளர் அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன், மீதியை வீட்டில் வறுத்தது உட்பட. அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்நியர் கொண்டுவந்திருந்தால் கேட்டிருப்பீர்களா என்றார். கேட்டிருப்பேன் என்றேன். "அப்ப உங்க சகலையை அந்நியரைவிடக் கீழா நடத்தியிருக்கீங்க" என்றார். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி எங்கள் படிவத்தில் புதிதாக இரண்டு வரி இருக்கும். எந்த இடத்தில் எடுத்தது, பொறுக்கியவர் யார். உறவினர்களுடைய பெட்டியை நான் தொடப்போவதில்லை. பக்கத்து மேஜைப் பெண் பார்ப்பாள். அவள் யாரையும் எதையும் கேட்கத் தயங்காதவள்.

கிழக்குக் குளத்தையும் பார்த்தாக வேண்டும். அவசரமில்லை, ஆனால் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் சகலை

*

ஜூன் 19, புதன்

சகலைக்கு,

சொல்லிவிட்டேன்.

இன்று காலை அவர் தீனி போட்டு முடித்ததும் போனேன். எட்டு வலையிலிருந்து ஆரம்பித்து ஒன்றையும் விடாமல் சொன்னேன். உங்கள் தாளையும் கொடுத்தேன். படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் தீனி வாளியைக் கழுவினார். இரண்டாம் தடவையும் கழுவினார். பிறகு என்னைத் தாண்டி வீட்டுக்குள் போனார்.

திட்டியிருந்தால் பரவாயில்லை. வாய் ஓயாமல் பேசுகிற மனிதர், ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரியவள் அவர் மனைவியைப் பார்த்துவிட்டு வந்தாள். அங்கேயும் பேச்சு இல்லையாம்.

இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அதனால் எழுதினேன். வேறு விசேஷம் இல்லை.

உங்கள் சகலை

*

ஜூலை 4, வியாழன்

அன்புள்ள சகலைக்கு,

செவ்வாய்க்கிழமை இரண்டு பெட்டிகள் வந்தன. உங்கள் கடிதம் இல்லை. படிவங்கள் மட்டும். ஒன்று உங்கள் கிழக்குக் குளம். "பொறுக்கியவர்" என்ற இடத்தில் எனக்குத் தெரியாத கையெழுத்து, எழுத்து ஒவ்வொன்றும் டிக்கெட்டில் குத்தியது போல அழுத்தம். இன்னொன்று கண்டக்டரின் குளம். அதில் பொறுக்கியவர் இடத்தில் உங்கள் கையெழுத்து. அங்கே என்ன நடக்கிறது என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணியைக் கேட்டால் சிரிக்கிறார்கள்.

பெட்டியைத் திறந்த பக்கத்து மேஜைப் பெண் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். இந்தப் பதினோரு வருஷத்தில் இவ்வளவு அவலட்சணமான இறால்களை நான் பார்த்ததில்லை. மீசை ஒடிந்தது, கால் போனது, நண்டு கடித்தது, கூனியது. உங்கள் கிழக்குக் குளத்திலிருந்து வந்த ஒன்றுக்கு ஒரு கண் இல்லை. எங்கே தேடிப் பிடித்தார் என்று தெரியவில்லை. மிக நல்ல மாதிரி என்று அவள் படிவத்திலேயே எழுதிவிட்டாள்.

இரண்டு குளத்திலும் கோடு இல்லை. ஒரு குழாயில்கூட இல்லை. சந்தேகமே படாமல் சொல்கிறேன், இரண்டும் சுத்தம். சீட்டுகளை அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று கண்டக்டரிடம் சொல்லலாமா என்று நீங்கள் என்னைக் கேட்டீர்கள், இப்போது நான் உங்களைக் கேட்கிறேன். கண்டக்டர் என்ன சொன்னார்?

உங்கள் சகலை

*

ஜூலை 8, திங்கள்

அன்புள்ள சகலைக்கு,

கண்டக்டர் ஒன்பது நாள் பேசவில்லை. நான் கரையில் நடந்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பத்தாம் நாள் காலை நான் கிழக்குக் குளத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டிருந்தேன். வேலிக்கு இந்தப் பக்கம் ஆள் நிற்கிறது. தோளில் வலை. என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உங்க குளத்துல இனி நீங்க பொறுக்கக் கூடாது. நான் பொறுக்குறேன். என் குளத்துல நீங்க பொறுக்குங்க."

அவ்வளவுதான், பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை, குளத்தில் இறங்கிவிட்டார். வெளியே வர மூன்று மணி நேரம் ஆயிற்று, சகலை. மூலை மூலையாகத் தடவினார். சேற்றில் கை விட்டுத் துழாவினார். தட்டுக்கு அடியில், குழாய்க்கு அடியில், ஏரேட்டர் கட்டைக்கு அடியில் எல்லாம் தேடினார். அடுத்தவர் குளத்தில் நோஞ்சான் தேட யாருக்கும் கண் கூசாது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பளபளவென்று ஒன்று வலையில் வந்தால் அவர் முகம் சுண்டிப்போகும். கறுத்துப் போன ஒன்று கிடைத்ததும் தூக்கிப் பிடித்து என்னிடம் காட்டினார், சில்லறை தேறிய சந்தோஷத்தோடு. அந்த ஒற்றைக் கண் இறால் கிடைத்தபோது அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பத்து நாளில் முதல் சிரிப்பு. என் குளத்தைப் பற்றி இவ்வளவு கேவலமாக யாராவது சந்தோஷப்பட்டு நான் சும்மா நின்றதில்லை.

மறுநாள் நான் அவர் குளத்தில் இறங்கினேன். பெருமைக்குச் சொல்லவில்லை, நானும் சளைத்தவன் அல்ல. அவர் கரையில் நின்று, அது கெட்டது இல்லை, ஓடு கழற்றியது என்று வாதாடினார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உங்கள் பக்கத்து மேஜைப் பெண்ணிடம் சொல்லுங்கள், அந்தக் கூனல் இறால் என் கண்டுபிடிப்பு.

இப்போது வாய்க்காலில் உள்ள எல்லோரும் இதையே செய்வது என்று முடிவு செய்திருக்கிறார்கள். யாரும் தன் குளத்தில் தானே பொறுக்கக் கூடாது. அவரவருக்குக் கண்ணுக்கு எதிரில் இருக்கிறவரோடு ஏதாவது ஒரு பழைய மனத்தாங்கல் இருக்கும் அல்லவா, அது நன்றாக உதவுகிறது.

உங்கள் சீட்டு வெள்ளிக்கிழமை கிடைத்தது. நான் கண்டக்டருக்குப் படித்துக் காட்டினேன். தன் குளம் சுத்தம் என்றதற்குத் தலையாட்டினார். என் குளமும் சுத்தம் என்றதும், "இன்னும் கொஞ்சம் தேடியிருக்கலாம்" என்றார்.

நேற்று ஞாயிறு, தண்ணீர் விட என் முறை. சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மதகுக்குப் போனேன். இரண்டு குளமும் சுத்தம், கிழக்குக் குளத்தின் தண்ணீரைத்தான் விடப்போகிறேன், எல்லாம் தெரியும். ஆனால் மதகுப் பலகையைத் தொட எனக்குக் கை வரவில்லை, சகலை. பிப்ரவரியில் தூக்கியதும் இந்தக் கைதான். எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியாது. வாய்க்காலில் எனக்கு மேலே குளம் வைத்திருப்பவர் ஒருவர், என்ன யோசனை என்று கரையிலிருந்து கேட்டார். 

கண்டக்டர் தன் குளத்துப் பக்கமிருந்து வாய்க்கால் ஓரமாகவே நடந்து வந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். "தள்ளி நில்லுங்க" என்றார். பலகையை இரண்டு கையாலும் பிடித்து அவரே தூக்கினார். தண்ணீர் வாய்க்காலில் இறங்கி அவர் குளத்துப் பக்கமாகத் திரும்பியது. அது அங்கே போய்ச் சேரும் வரை நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

உங்கள் சகலை